சார் மேல் படாத குண்டு

எங்கள் டீம் லீடின் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் வைத்திருப்பாரே, அதே மாதிரி பளபளக்கும் இரும்பு விசில், கறுப்புக் கயிற்றில். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ப்ராசோஸ் ஆற்றை ஒட்டிய காட்டில், எதிரணி எங்கே பதுங்கியிருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் மூச்சை அடக்கிப் படுத்திருக்கும்போது அவர் அதை எடுத்து ஊதுவார். ஒளிந்திருந்து ஆடும் ஆட்டத்தில் விசில் ஊதுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த ஆளின் பின்னால் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு ஊர்ந்தேன். இன்றைக்கும் பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானத்தைத் தாண்டும்போது விசில் சத்தம் கேட்டால் பல்லைக் கடிக்கத் தோன்றும். அவர் ஒன்றும் காலமாகிவிடவில்லை, நன்றாகவே இருக்கிறார். அதனால் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டிய கட்டாயமும் எனக்கில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் இரண்டாயிரமாவது ஆண்டில் பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலத்தில், ஈரோட்டிலிருந்து நான் சுகர் லேண்டுக்கு வந்தேன். ஒரு எரிசக்திக் கம்பெனியின் பில் போடும் சாஃப்ட்வேரைச் சரிபார்க்கும் வேலை. எங்களை அனுப்பியது ஒரு கன்சல்டிங் கம்பெனி. லீடின் கீழே நாங்கள் மூன்று பேர்: நான், ஒரு மதுரைக்காரர், ஒரு நாகர்கோவில்காரர். லீட் சென்னை. க்ளையண்ட் ஆபீசில் இருந்த வெள்ளைக்காரர்கள் அவரைப் பாதிப் பெயரால் செல்லமாகக் கூப்பிடுவார்கள், அவரும் முப்பத்திரண்டு பல்லையும் காட்டுவார். எங்களுக்கு மட்டும் அவர் 'சார்'. முதல் வாரம் நானும் அந்த ஊர் வழக்கம்தானே என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். "அமெரிக்கா வந்தா கல்ச்சர் மறந்துடுமா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே குறித்துக்கொண்டேன்.

வேலையில் அவர் எப்படி என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், அவரே ஒரு புரோகிராமில் கை வைத்தார். திங்கட்கிழமை பில்களெல்லாம் தாறுமாறாக வந்தன. க்ளையண்ட் மேனேஜர் எங்கள் இருக்கைகளுக்கே வந்து நின்று கேட்டபோது, சார் ஒரு பெருமூச்சு விட்டு மதுரைக்காரர் தோளில் கை போட்டு, "ஹி இஸ் ஸ்டில் லேர்னிங்" என்றார். மதுரைக்காரர் தலையை ஆட்டினார். தப்பு செய்யாதவர் மன்னிப்புக் கேட்டார், செய்தவர் அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

ஏர்சாஃப்ட்டை எங்களுக்குள் கொண்டுவந்ததும் சார்தான். க்ளையண்ட் ஆபீசில் யாரோ கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். அசல் துப்பாக்கி போலவே இருக்கும், பேட்டரியில் ஓடும், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குண்டுகளைத் துப்பும். பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பெயிண்ட்பால் விளையாட்டில் குண்டு பட்டால் சட்டையில் சாயம் ஒட்டும், யாரும் மறுக்க முடியாது. இதில் தடயமே இருக்காது. பட்டவர்தான் கையைத் தூக்கி 'ஹிட்' என்று கத்திவிட்டு வெளியே நடக்க வேண்டும். ஆட்டம் முழுக்க அந்த ஒரு நாணயத்தின் மேல் நிற்கிறது. அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரரான பண்ணைக்காரர், வெயிலில் வெந்து சிவந்த கழுத்துள்ள டெக்ஸாஸ்காரர், ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டத்துக்கு முன் சொல்வது இது ஒன்றைத்தான்: "உன் மேல் பட்டது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியவேண்டியதில்லை."

சார் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர். அது போதாதா? எங்களை வரிசையில் நிறுத்தி 'சாவ்தான்' என்பார், 'விஷ்ராம்' என்பார். இந்தி தெரியாத மூன்று பேரும் டெக்ஸாஸ் வெயிலில் விறைப்பாக நிற்போம், காலடியில் நெருப்பெறும்புப் புற்று இருந்தாலும். எதிரணியினர் குளிர்பானம் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். காட்டுக்குள் போனபின் நிலைமை இன்னும் மோசம். சார் முன்னால், அவருக்குப் பின்னால் சர்வீஸ் வரிசைப்படி மதுரைக்காரர், நாகர்கோவில்காரர், கடைசியாகப் பெண் என்பதால் நான். கல்யாணப் பந்திக்குப் போகிறவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு போவோம். ஒரே ஆள் ஒரு மரத்தின் பின்னால் நின்று நாலு பேரையும் அள்ளிவிடலாம், அள்ளினார்கள். மரக்குடிசைக்குள் நுழையும்போதும் சார் முதலில் போகட்டும் என்று எல்லோரும் வாசலில் ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். அதற்குள் உள்ளே இருப்பவன் எங்களைக் குறிபார்த்து, வேண்டுமானால் ஒரு கொட்டாவியும் விட்டிருப்பான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து அந்த 'சார்'. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டால் எதிரிக்குப் புரியாது, அது நமக்குப் பெரிய பலம் என்று சார் சொல்வார். நியாயம்தான். ஆனால் "சார், லெஃப்ட்ல ஒருத்தன் இருக்கான் சார்", "சார், குனிங்க சார்", "சார், தண்ணி வேணுமா சார்" என்று காடு முழுக்க அந்தச் சொல்லே ஒலித்தால்? எதிரணிக்குத் தமிழ் தெரிய வேண்டாம், காது இருந்தால் போதும். 'சார்' எங்கே கேட்கிறதோ, தலைவன் அங்கே. குண்டெல்லாம் அங்கே பாயும். எத்தனையோ தடவை அவர் மேல் பட்டது. சட்டையில் டப்பென்று மோதும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். அவர் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கியதில்லை. "உரசிட்டுப் போச்சு" என்பார், "இலைல பட்டுச்சு" என்பார். நாங்களும் ஆமாம் சார் என்போம்.

ஏன் ஆமாம் சார் என்றோம்? இரண்டாயிரம் பிறந்து கம்ப்யூட்டர் எதுவும் செத்துப்போகவில்லை. வேலை குறைந்தது. அந்த வருஷக் கடைசியில், எங்கள் மூன்று பேரில் ஒருவரைக் குறைக்க வேண்டும், யாரென்று லீடே வசந்தகாலத்துக்குள் சொல்லட்டும் என்று க்ளையண்ட் சொல்லிவிட்டது. அங்கே வேலை போனால் வேலை மட்டும் போகாது. எச்-ஒன் விசா அந்த வேலையோடு கட்டிப்போட்டது, அடுத்து வேறொருவர் உடனே எடுத்துக்கொள்ளாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். இந்தச் செய்தியைச் சார் ஆபீசில் வைத்துச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, பிக்கப் டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்து சொன்னார்: "ஆபீஸ்ல எல்லாரும் நடிப்பாங்க. ஃபீல்டுலதான் தெரியும் யாரு டீம் ப்ளேயர்னு. நான் இங்க பாத்துத்தான் டிசைட் பண்ணுவேன்." அன்றிலிருந்து அது விளையாட்டே இல்லை. வாராவாரம் இன்டர்வியூ.

சரி, பரீட்சை என்றால் பாடத்தையாவது ஒழுங்காகப் படிப்போம் என்று எனக்கு வீம்பு வந்தது. எதிரணியில் ஒரு நர்ஸ் இருந்தாள், என் வயதுக்காரி, ஹூஸ்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. ஒவ்வொரு வாரமும் என்னைச் சுட்டுவிட்டு, போகிற வழியில் நான் எதனால் செத்தேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒருநாள் நானே போய், சொல்லிக்கொடு என்று கேட்டேன். புதன்கிழமை சாயங்காலங்களில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு வருவாள். செடி உன்னை மறைக்கும், ஆனால் குண்டைத் தடுக்காது. அடிமரம்தான் தடுக்கும், இரண்டையும் குழப்பாதே என்பாள். மரத்துக்கு மேலே தலையை நீட்டாமல் பக்கவாட்டில், தரையோடு தரையாக எட்டிப்பார்க்க வேண்டும். ஒருமுறை தலைகாட்டிய இடத்தில் மறுபடி காட்டக்கூடாது. ஒருத்தி ஓடும்போது மற்றவள் சுட்டு எதிரியின் தலையைக் கீழேயே வைத்திருக்க வேண்டும். எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதற்கு ஓடிக்கொண்டே மனசுக்குள் சொல்ல ஒரு வாய்ப்பாடு இருந்தது. நான் அதைத் தமிழில் ஆக்கிக்கொண்டேன்: 'எழுந்தேன், பார்த்துட்டான், விழுந்தேன்.' அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மறைவில் விழுந்துவிட வேண்டும்.

மூலை திரும்புவதற்கும் ஒரு முறை உண்டு. சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நின்று, தோசையை விள்ளுவதுபோல அந்தப்பக்கத்தைத் துண்டு துண்டாகக் கண்ணால் விண்டு பார்த்துக்கொண்டே நகர வேண்டும். அதை எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் பழகிக்கொண்டிருந்தேன். கையில் துப்பாக்கி எடுத்தால் யாராவது போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று துடைப்பக் கட்டையை வைத்துக்கொண்டிருந்தேன். மேல்வீட்டு ஆன்டி துணிக்கூடையோடு இறங்கி வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். "என்னம்மா, கரப்பான்பூச்சியா?" என்றார். ஆமாம் ஆன்டி, பெரிசு, என்றேன். சாரை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

கற்றதைச் சாரிடம் சொல்லாமல் இருக்கவில்லை. இடைவெளி விட்டு நடப்போம், ஆளுக்கு ஒரு திசையைப் பார்ப்போம், எல்லோரும் ஒரே பக்கம் பார்க்க வேண்டாம் என்றேன். கடைசியாக, 'சார்' என்று கத்தவேண்டாம், காட்டுக்குள் மட்டும் வேறு ஏதாவது பெயர் வைத்துக்கொள்வோம் என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. "ஏன், கூப்பிடறதுக்குக் கஷ்டமா இருக்கா?" என்றார். நாகர்கோவில்காரர் சட்டென்று நடுவில் புகுந்து, "இல்ல சார், அவங்க சும்மா ஐடியா சொல்லுதாங்க சார்" என்று சமாளித்தார். நல்ல மனுஷன். எங்களில் கடைசியாக வந்தவர், மனைவியும் கைக்குழந்தையும் வந்து சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. குழந்தைக்குக் காதுவலி என்றாலும் ஞாயிற்றுக்கிழமை சாருக்குத் தண்ணீர்ப் பாட்டில் தூக்க வந்துவிடுவார்.

அந்த ஞாயிறு மார்ச்சில் வந்தது. காட்டில் புதுத் தளிர். எதிரணியில் ஆள் குறைகிறது என்று பண்ணைக்காரர் என்னை நர்ஸோடு போகச் சொன்னார். சாருக்கு அது பிடிக்கவில்லை. "லாயல்ட்டி எங்கன்னு இப்ப தெரிஞ்சிடும்" என்று ஒரு சிரிப்பு. இது என் வேலையைப் பற்றிய பேச்சு என்று புரியாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் நடக்கும்போது என் கால்கள் லேசாக இருந்தன. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் போனேன்.

வறண்ட ஓடைக்குள் இறங்கி நானும் நர்ஸும் மாறி மாறி முன்னேறினோம். அவள் ஓட நான் காவல், நான் ஓட அவள் காவல். எங்கே போவதென்று தேடவேண்டியிருக்கவில்லை. ஓடைக்கு மேலே, விழுந்துகிடந்த ஒரு பீக்கன் மரத்துப் பக்கமிருந்து "சார், யாரும் இல்ல சார்" என்று நாகர்கோவில்காரர் குரல் வந்தது. நர்ஸ் என்னைப் பார்த்து இளித்தாள். அவள் அங்கேயே இருந்து மரத்தின் மேல் குண்டுகளைப் பொழிய, நான் சுற்றிக்கொண்டு போனேன். எழுந்தேன், பார்த்துட்டான், விழுந்தேன். யாரும் பார்க்கவில்லை. அவர்கள் மூன்று பேரும் நர்ஸ் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டில், ஒரு முற்றம் அளவு தூரத்தில், தரையோடு படுத்துக்கொண்டு சாரின் நெஞ்சைப் பார்த்துச் சுட்டேன். குண்டுகள் அவருடைய கான்வாஸ் அங்கியில் டபடபவென்று மோதி உதிர்ந்தன. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பூச்சியைத் தட்டுவதுபோல நெஞ்சைத் தட்டிக்கொண்டார். பிறகு துப்பாக்கியைத் தூக்கி என்னைச் சுட்டார். தோளில் பட்டது. ஹிட் என்று கத்திக் கையைத் தூக்கினேன்.

எழுந்து வெளியே நடந்திருக்க வேண்டும், ஒரு வருஷமாக அப்படித்தானே நடந்தோம். அன்றைக்கு முடியவில்லை. "சார், உங்க மேல பட்டுது" என்றேன்.

"எங்க பட்டுது? மரத்துல பட்டிருக்கும்."

"நெஞ்சுல பட்டுது சார். தட்டி விட்டீங்களே."

சத்தம் கேட்டுப் பண்ணைக்காரர் வந்துவிட்டார். என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார், சாரை ஒன்றும் கேட்கவில்லை. சாருக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்த நாகர்கோவில்காரரைப் பார்த்து, பட்டதா என்று கேட்டார். நாகர்கோவில்காரர் எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த சருகைத் தட்டினார். கண்ணாடிக்குள் வியர்வை ஆவி படிந்து அவர் கண்ணே தெரியவில்லை. "ஐ டிட் நாட் சீ, சார்" என்றார். யாரைச் சார் என்றார், பண்ணைக்காரரையா எங்கள் சாரையா, அவருக்கே தெரிந்திருக்காது. பண்ணைக்காரர் எச்சிலைத் துப்பிவிட்டுப் போய்விட்டார். சார் என் பக்கம் குனிந்து, "ஒரு கேமுக்குப் போய் இவ்ளோ சீரியஸாகணுமாம்மா?" என்றார். கேமாம். வாராவாரம் எங்கள் உயிரை எடுத்தது அப்போது கேம் ஆகிவிட்டது.

என் சீட்டு கிழிந்தது என்று அன்று சாயங்காலமே முடிவு கட்டிவிட்டேன். அலமாரியை ஒழித்து, எதைக் கொண்டுபோவது, எதை நர்ஸுக்குக் கொடுப்பது என்று பிரித்துக்கூட வைத்தேன். வியாழக்கிழமை கண்ணாடி அறைக்குள் சார் கூப்பிட்டது என்னை இல்லை, நாகர்கோவில்காரரை. வெளியே வந்தவர் நேராகத் தன் இடத்துக்குப் போய், மேஜையில் இருந்த குழந்தை போட்டோவை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பான்ட்ரியில் சார் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். ஏன் சார் அவரை, என்று கேட்டேவிட்டேன். அவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "கண்ணெதிர நடந்ததைப் பாத்துட்டு இல்லங்கறான். நாளைக்கு க்ளையண்ட் கிட்ட என்ன சொல்வான்? நம்ப முடியாதும்மா. நீ மூஞ்சிக்கு நேரா சொன்ன பாரு, அந்த மாதிரி ஆளுதான் டீமுக்கு வேணும்."

"அப்ப பட்டுதா சார்?"

சிரித்தார். "அட, அது கேம்தானம்மா. சண்டே வந்துடு."

அந்த ஞாயிறும் போகவில்லை, அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவரோடு போகவில்லை. ஆனால் வேலையை விடவில்லை. விட்டிருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். நான் விட்டிருந்தால் நாகர்கோவில்காரர் திரும்பி வந்திருக்கப் போவதில்லை. அடுத்த வருஷம் அந்த நர்ஸ் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, கம்ப்யூட்டர் பிரிவில், எனக்கு இடம் கிடைத்ததும் சாருக்கு ஒரு வரிகூடச் சொல்லாமல் கிளம்பினேன்.

நாகர்கோவில்காரர் குடும்பத்தை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டது நான்தான். ஃப்ரீவே முழுக்க அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். பெட்டிகளை இறக்கியபின் நாகர்கோவில்காரர் என்னிடம் சொன்னது இது: "சார் மேல கோவப்படாதீங்க, என்ன. மேல இருந்து அவருக்குப் ப்ரெஷர். எனக்க பேரைச் சொல்லுகதுக்கு அவருக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்திருக்கும்." பான்ட்ரியில் சார் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. யாருக்காகப் பொய் சொன்னாரோ அந்த ஆள், அந்தப் பொய்யையே காரணமாகக் காட்டி அனுப்பினான் என்பதைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சரிங்க, என்றேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

போன வருஷம் கோவிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து சாரின் அந்தக் குரல். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் நரைக்கவில்லை. கூடவே அவருடைய மகள், இங்கேயே வளர்ந்தவள், இப்போது பெரிய வக்கீலாம். "இவங்க என் டீம்ல இருந்தாங்க. லே-ஆஃப் டைம்ல எல்லாரும் போராடுறப்ப, இவங்களை நான்தான் காப்பாத்தினேன்" என்று வரிசைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். என் கையில் தட்டு சூடாக இருந்தது. நான் மகளின் பக்கம் திரும்பினேன். அவளுக்கு ஒரு வார்த்தையும் தப்பிவிடக்கூடாது என்பதற்காக ஆங்கிலத்திலேயே சொன்னேன். காட்டில் நடந்தது, பண்ணைக்காரர் கேட்டது, பான்ட்ரியில் காபி கலக்கிக்கொண்டு அவள் அப்பா சொன்னது, எல்லாவற்றையும். குரலைத் தாழ்த்தவில்லை. அவர் "அதெல்லாம் பழைய கதை" என்று இரண்டு தடவை குறுக்கே விழுந்தார், நான் நிறுத்தவில்லை.

மகள் முழுதும் கேட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, வாட் வாஸ் ஹிஸ் நேம்?" என்றாள்.

சார் வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு, ஆபீசில் எப்போதும் செய்வாரே, அதே மாதிரி என் பக்கம் திரும்பி, நான் எடுத்துக்கொடுப்பேன் என்று காத்திருந்தார். நாகர்கோவில்காரரின் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. சாம்பாரை ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டிவிட்டு, அவர் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.